ஆறு வயது வரை காத்திருக்காதே

சேலையூர்,
ஞாயிறு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. "ஆறு வயசு ஆகட்டும், அப்புறம் ஸ்கூலைப் பத்தி யோசிக்கலாம்" என்று நேற்று போனில் சொன்னாய். பக்கத்திலிருந்து உன் மாமியார் ஆமாம் போட்டதும் காதில் விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரிதான் தூக்கம் வரவில்லை.

குட்டிக்கு மூன்றரை ஆகிறது. போன மாதம் பார்த்தேன், உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்கொண்டு முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். பார்வையில்லாத பிள்ளைகள் கைக்கு வேலை இல்லாவிட்டால் அப்படிச் செய்யும். நீ இட்லியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுகிறாய். முழு இட்லி வட்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? தட்டில் வை. உன் கைமேல் அவள் கை இருக்கட்டும், அவள் கையைப் பிடித்து இழுக்காதே. சட்னி சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

ஆறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 6 முதல் 18 வரை. மூன்றிலிருந்து ஆறு வரை, அரசு மனது வைத்தால் உண்டு. கண் தெரிகிற பிள்ளை அந்த மூன்று வருஷமும் வாசலில் சும்மா நின்றே பாதி உலகத்தைப் படித்துவிடும். நம் குட்டிக்கு யாராவது தொட்டுக் காட்டினால்தான் உண்டு. மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்கல்லவா உரிமை தொடங்கியிருக்க வேண்டும்! யாரிடம் போய்ச் சொல்ல.

அதற்காக வழியே இல்லை என்று நினைக்காதே. அங்கன்வாடியில் இப்படிப்பட்ட குழந்தைகளை எப்படிச் சேர்த்துக் கவனிப்பது என்று 2023-ல் மத்திய அரசே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. முட்டுக்காட்டில் இருக்கிற மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே 2021 முதல் ஒரு மையம் நடக்கிறது.

கண் தெரியாத உன் மாமா கதை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளி 1931-லேயே வந்துவிட்டது. உன் தாத்தாவோ சமயபுரத்துக்கு வெள்ளிக் கண்மலர் எடுத்துக்கொண்டு நடந்தார். கண் வரட்டும், படிப்பு அப்புறம் என்றார். கடைசியில் சேர்த்தபோது மாமாவுக்கு மீசை அரும்பிவிட்டது. பொடிசுகளோடு உட்கார்ந்து பிரெய்லின் ஆறு புள்ளியைத் தடவினார். விரல் பழகவே இல்லை. வாய்க்கணக்கில் புலி அவர். அந்தக் கணக்கெல்லாம் தாம்பரம்–பீச் ரயிலில் பேனா விற்றுச் சில்லறை எண்ணத்தான் உதவியது. விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. வேறு வழியே விடாமல் செய்தாரே தாத்தா, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திதியன்றுகூட எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. இப்போது நீயும் கண் வரட்டும் என்று சித்தூர் வைத்தியர் ஒருவரின் சொட்டு மருந்துக்குப் பணம் அனுப்புவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

முடிவு உன்னுடையது, நான் தலையிட மாட்டேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆறு வயதுக்குள் எல்லா சீரியல் வசனமும் மனப்பாடம் ஆகிவிடும். இல்லையென்றால் நாலு பிள்ளைகளோடு விட்டு, முட்டை அட்டையில் ஆறு குழி வெட்டிக் கோலிக்குண்டு போட்டு விளையாடவிட்டு, பிரெய்லுக்கு விரலைப் பழக்கலாம். பிஞ்சு விரல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

திட்டுகிறேன் என்று நினைக்காதே கண்ணு. தூக்கமில்லாமல் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். வளையல் சத்தத்தை வைத்தே "பெரிய பாட்டி" என்று என் மடியில் வந்து ஏறினாளே, அது உன் வளர்ப்புதான். உன்னைப் போல ஒரு தாய் வாய்க்க அவள் கொடுத்து வைத்தவள். உன் மாமியாரும் நல்லவர்தான், பயப்படுகிறார், அவ்வளவுதான். அவருக்குப் பிடித்த ரவா லட்டு செய்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய் காலை ஏழரைக்குக் கேம்ப் ரோடு ஸ்டாப்பில் நிற்பேன். முட்டுக்காட்டுக்கு ஆட்டோ பேசியாகிவிட்டது. குட்டியின் ஆதார், கண் ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டையும் மறக்காமல் எடுத்து வை.

பெரியம்மா