போனில் பேசும் டாக்டர் அம்மா

மத்திய அரசு 2016 ஜனவரியில் ‘கில்காரி’ என்ற இலவச போன் சேவையைத் தொடங்கியது. கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு. மொத்தம் 72 செய்திகள். பேசுபவர் ‘டாக்டர் அனிதா’. இவர் கற்பனைப் பாத்திரம்.

ஏன் குரல்? எழுத்து தெரியாதவரும் கேட்கலாம். ஏன் டாக்டர்? மாமியாரும் கணவரும் மதிப்பாங்க. ஏன் வாரம் ஒன்று? அந்த மாதத்துக்குத் தேவையானது மனசுல நிற்கும்.

ஆனால் இந்தக் குரல் பேசும், நாம் சொல்வதைக் கேட்காது. இப்போது கேள்விக்குப் பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. அவையும் தப்பாகச் சொல்லலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க, கிராம செவிலியரைக் கேளுங்க. ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தை அசைவு குறைவு என்றால் உடனே 108.

குழுவில் பேச: வீட்டில் போன் யார் கையில்? அழைப்பு வந்தால் கர்ப்பிணி காதுக்குப் போகுதா?