வக்காலத்தில் கையெழுத்துப் போடு

அன்புள்ள தம்பிக்கு,

கொலை வழக்கில் சிக்கி ஊரே வெறுக்கும் ஒருவனுக்காக ஆஜராகும்படி சட்ட உதவி மையம் உன்னைக் கேட்டிருக்கிறது. வழக்கறிஞர் சங்கத்திலோ யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடப் பேச்சு நடக்கிறது. அம்மா பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். வழக்கை ஏற்றுக்கொள் என்பதுதான் என் பதில்.

அப்படித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது. கோவையில் ஒரு வக்கீலுக்கும் போலீசாருக்கும் மோதல் நடந்தபோது, வழக்கில் சிக்கிய போலீசாருக்கு யாரும் வாதாடக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் முடிவெடுத்தது. முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. வக்கீல் வைத்துக்கொள்வது அரசியலமைப்பின் 22(1) பிரிவு தரும் உரிமை. எதிரே நிற்பது நம் தொழிலைச் சேர்ந்தவரே என்றாலும் அந்த உரிமை குறையாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை நீ முழுதாகப் படிக்க வேண்டும். 1991 மே 21க்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்த கொதிப்பை உன் வயதுக்காரர்களுக்கு விளக்குவது கடினம். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் உயர் நீதிமன்ற மேல்முறையீடு இருக்கவில்லை; உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் வழியாக இருந்தது. அங்கே அவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 தீர்ப்பில் தூக்கு 4 பேருக்கு, ஆயுள் 3 பேருக்கு. மற்ற 19 பேரும் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். சிறு குற்றங்களுக்கான தண்டனையை அதற்குள் சிறையிலேயே கழித்திருந்தார்கள்.

அந்த 19 பேரை வெளியே யாரும் தனியாகப் பார்க்கவில்லை. 26 பேரும் எல்லோருக்கும் ஒரே முகமாகத்தான் தெரிந்தார்கள். யார் என்ன செய்தார், எந்தச் சாட்சியம் யாரைத் தொடுகிறது என்று ஒவ்வொருவராகப் பிரித்துக் காட்ட ஒரு வக்கீல் தேவைப்பட்டார். இந்திரா காந்தி கொலை வழக்கிலும் இப்படித்தான். கீழ் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் தூக்குக்கு அனுப்பிய பல்பீர் சிங்கை, 1988இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

இனி உன் நடத்தை. கட்சிக்காரன் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு ஒருநாளும் நியாயம் பேசாதே. இறந்தவரின் தாயைக் குறுக்கு விசாரணை செய்யும்போது தேவைக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காதே. அவன் உன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் போலீஸ் தரப்பின் ஆதாரத்தை நீ சோதிக்கலாம். பொய்க் கதை கட்டக் கூடாது. தொலைக்காட்சி மைக்குக்கு முன் போய் நிற்காதே. அம்மாவிடம் வழக்கைப் பற்றி நீயே சொல், அக்கம்பக்கத்தார் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

முதல் தகவல் அறிக்கையையும் ரிமாண்ட் உத்தரவையும் இன்றிரவே படித்துவிடு. நாளை சிறைக்குப் போய் அவனைப் பார்த்து, வக்காலத்தில் கையெழுத்து வாங்கு.

அன்புடன்,
உன் சீனியர்