கடைச் சிப்பந்திகளும் நாமும்

மூஸா (அலை) அவர்கள் உயிருக்குத் தப்பி மிஸ்ரிலிருந்து மத்யனுக்கு வந்த வரலாறு, திருமறையின் 28-வது அத்தியாயமான சூரத்துல் கஸஸில் வருகிறது. பயானில் பலமுறை கேட்டதுதானே என்று சகோதரர்கள் தள்ளிவிட வேண்டாம். ஆள் வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது.

கையில் காசில்லை, தெரிந்தவர் யாருமில்லை, தேடுகிற பகைவர் வேறு. அப்படி ஒரு வாலிபர் நம் கடை வாசலில் வந்து நின்றால், "சோறும் படுக்க இடமும் தருகிறோம், சம்பளத்தைப் பிறகு பார்ப்போம்" என்றுதான் நம்மில் சிலர் சொல்வோம். மத்யன் பெரியவர் என்ன செய்தார்கள்? தம் பெண்மக்களின் ஆடுகளுக்கு அவர் கேளாமலே தண்ணீர் புகட்டியதற்கு, முதலில் கூலி கொடுக்க ஆளனுப்பி அழைத்தார்கள். பிறகு தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு எட்டு வருஷ ஊழியம் என்றும், பத்தாக்குவது அவர் இஷ்டம் என்றும், அவருக்குச் சிரமம் கொடுக்க நாடவில்லை என்றும் முன்கூட்டியே பேசினார்கள். மூஸா (அலை) அவர்கள் அதற்கு அல்லாஹ்வையே சாட்சியாக்கினார்கள். தவணை, கூலி, சாட்சி எல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டன.

நம் பாட்டன்மார் பலரும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து, கடைப்பையன்களாக மூட்டைமேல் படுத்து எழுந்தவர்கள்தாம். கல்லாவில் உட்கார்ந்ததும் அது நமக்கு மறந்துபோகிறது.

நாமும் சில காலம் சிப்பந்திகளின் பாஸ்போர்ட்டுகளைக் கடை அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். ஓடிவிடுவார்கள் என்ற பயம். ஒரு பையனுக்கு ஊரில் தாயார் வஃபாத்தான செய்தி வந்தது. சாவி நம்மிடம், நாமோ சரக்கெடுக்கக் கோலாலம்பூர் போயிருந்தோம். மறுநாள் வந்து திறந்து கொடுத்தோம். அவன் ஊர் சேருமுன் ஜனாஸா அடக்கமாகிவிட்டது. திரும்பி வந்தவன் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நெஞ்சு சற்று ஆறியிருக்கும். உரிய அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பதும் பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன ஹதீஸை மேடையில் எல்லோரும் சொல்கிறோம். சம்பள மாதம் முடிந்து 7-வது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டுமென்று இந்நாட்டு வேலைச் சட்டமும் சொல்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. ஒரு நாள் ஓய்வு உண்டு. 2025 ஆகஸ்ட் முதல் சிறு கடையானாலும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையலாகாது. காசு கொடுத்துவிட்டு, வாடிக்கைக்காரர் முன்னால் ஏசுகிறவர்களும் உண்டு. பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் "சீ" என்றதில்லை.

இன்னொன்று. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறாகிவிட்டது. வெள்ளி மத்தியானம் சாப்பாட்டுக் கடைகளில் ஆபீஸ்காரர் கூட்டம். முதலாளி ஜும்ஆவுக்குப் போக, பையன் ரொட்டிக்கல்லருகே நிற்கிறான். நாம் பன்னிரண்டரைக்குக் கதவை இழுத்துவிடுகிறோம்; வியாபாரம் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஒரு தெருவிலுள்ள கடைகளெல்லாம் சேர்ந்து அடைத்தால் அந்தக் குறையும் இராது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.