ஒரு வண்டியின் நாட்குறிப்பு

நுழையும்முன்

பழுது ஒரே நாளில் வருவதில்லை. வருவதற்கு முன் ஓர் ஒலியாகவோ, ஒரு கறையாகவோ, விரலில் தைக்கும் ஒரு கம்பி இழையாகவோ அது தன்னை அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைக் காண்பது ஒரு திறன். கண்டதைச் சரிசெய்து முடிப்பது மற்றொரு திறன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டிலேயே பேணிய பட்டறிவைக் கூறும் இக்கட்டுரை அவ்விரண்டையும் பற்றியது.

தந்தையின் ஏடு

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள், இப்பாடத்தைப் படிக்கும் உங்கள் எல்லாரையும்விட மூத்தது. 1989ஆம் ஆண்டு என் தந்தையார் வாங்கிய புல்லட் 350 அது. அவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை இரயில்வே பணிமனையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். வாரமெல்லாம் இரயில் எஞ்சின்களோடு உழைத்த கைகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இவ்வண்டியைத் தொடும்.

நான் பணிமாற்றம் பெற்று ஜபல்பூருக்கு வந்தபோது, தந்தையார் பெட்ரோலை முற்றும் வடித்து, வண்டியைச் சாக்கினால் சுற்றி, இரயில் பார்சலில் அனுப்பி வைத்தார். கருவிகளோடு நீல அட்டையிட்ட ஓர் ஏடும் வந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள் இருந்தன: நாள், ஓடிய கிலோமீட்டர், கண்டது, செய்தது. ‘கண்டது’ என்னும் பத்தியில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், அதற்கு நேரே ‘செய்தது’ என்னும் பத்தி ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை.

வண்டி வந்த வழி

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த நிறுவனம். 1955ஆம் ஆண்டு அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் இராணுவம் இவ்வண்டிகளை விரும்பி வாங்கியது அதற்குத் தூண்டுதலாயிற்று. சென்னையின் வடபகுதியான திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் இவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்ட பின்னரும் திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்காலத்து வண்டிகளில் இவ்வமைப்பு இடம் மாறியிருப்பதால், புதியவர் ஒருவர் இதனை ஓட்டும்போது முதலில் தடுமாறுவார்.

இதன் எந்திரம் ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக 90 மில்லிமீட்டர் நகரும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அதனை அழுத்துதல், தீப்பொறியால் எரித்து ஆற்றல் பெறுதல், புகையை வெளியேற்றுதல் என நான்கு வீச்சுகளில் இவ்வெந்திரம் இயங்குகிறது.

இதனை உதைத்துக் கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், அம்மீட்டரின் முள் ஒருபுறம் சாய்ந்து பின் நடுவுக்குத் திரும்பும். திரும்பும் இடத்தில் நிறுத்தி, அழுத்தத்தைத் தளர்த்தும் சிறு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சற்றே கடத்த வேண்டும். பின்னர் நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுமையாக ஓர் உதை. முறை அறியாதவர் பத்து முறை உதைத்து வியர்ப்பர். அறிந்தவருக்கு ஓரிரு உதையே போதும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

வீட்டுப் பராமரிப்பின் முதற்படி, வண்டியைத் துடைப்பது. அழகுக்காக மட்டும் துடைப்பதன்று. துணி செல்லும் இடமெல்லாம் கண்ணும் செல்கிறது. புதிய எண்ணெய்க் கசிவு, தளர்ந்த நட்டு, விரிசல் விட்ட ரப்பர்க் குழாய் ஆகியவை துடைக்கும்போதுதான் புலப்படுகின்றன. ஒற்றைச் சிலிண்டர் எந்திரம் அதிர்வு மிக்கது. ஆதலின் நட்டுகளும் போல்ட்டுகளும் தளர்வது இயல்பு. வாரந்தோறும் ஸ்பேனரால் சரிபார்ப்பதும் இயல்பாக வேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். எந்திரம் உள்ளே எவ்வாறு எரிகிறது என்பதனை அதன் முனையின் நிறம் சொல்லும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரியாகக் கருத்திருந்தால், கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கலாம்; காற்று வடிகட்டி அடைத்திருக்கவும் கூடும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து எந்திரம் மிகையாகச் சூடேறுகிறது என ஐயுறலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், எஞ்சின் ஆயில் எரியுமிடத்திற்குள் புகுகிறது என்று பொருள். பாயின்ட் உள்ள பழைய புல்லட்டில், அப்பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகியே அளக்க வேண்டும்.

வால்வுகளைத் தள்ளும் தண்டுகளைச் சரிபார்ப்பது இவ்வண்டியின் தனிச்சிறப்பு. எந்திரம் முற்றும் குளிர்ந்து, இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில், தண்டினை இரு விரல்களால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. இவ்வேலைக்கு அளவுத் தகடு வேண்டுவதில்லை. என் தந்தையார் கண்களை மூடிக்கொண்டு அத்தண்டினைச் சுழற்றுவார். “கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும்” என்பார்.

சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டு, அதன் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டு அங்கேதான் அளக்க வேண்டும். இறுதியாக, பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றின் கேபிள்கள். ஒவ்வொரு கேபிளும் மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. அது பெரும்பாலும் முனைகளில் இழை இழையாகவே அறும்.

எழுதாத ஒரு வரி

இப்பாடத்தை எழுதத் தூண்டியதே ஒரு கேபிள்தான்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் முன்பிரேக்கின் கைப்பிடியைத் துடைத்தபோது என் விரலில் ஏதோ தைத்தது. குனிந்து பார்த்தேன். கேபிளின் முனையில் இரண்டு இழைகள் அறுந்து நின்றன. மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்தது. ஆனால் உள்ளே மேசைமேல் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு காத்திருந்தது. ‘அடுத்த ஞாயிறு பார்ப்போம்’ என்று எழுந்தேன். ஏட்டிலும் எழுதவில்லை. எழுதினால் செய்தாக வேண்டுமே என்று என் மனத்தின் ஒரு மூலை அஞ்சியது போலும். அடுத்த ஞாயிறும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று.

நான்காம் வாரம், மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நர்மதைக் கரைக்குச் செல்லும் சரிவில் இறங்கினேன். கொய்யாப்பழத் தள்ளுவண்டி ஒன்று சாலையின் குறுக்கே வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி எவ்வித எதிர்ப்புமின்றி என் உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தது. கேபிள் அறுந்துவிட்டது. இடக்காலால் பின்பிரேக்கை அழுத்தி, கியரைக் குறைத்து, சாலையோர மண்ணில் வண்டியை இறக்கி நிறுத்தினேன். தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தது. பழக்காரர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

யாருக்கும் காயமில்லை. வண்டியை உருட்டிக்கொண்டே வீடு திரும்பினோம். வழியில் மகள் கேட்டாள்: “பிரேக் அறுந்துபோகும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, அப்பா?”

“தெரியும்” என்று சொல்ல எனக்குச் சிறிது தொலைவு நடக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு தந்தையாரிடம் தொலைபேசியில் நடந்ததைக் கூறினேன். அவர் சினக்கவில்லை. “ஏட்டில் எழுதினாயா?” என்று மட்டும் கேட்டார்.

கேபிள் மாற்றும் முறை

மறுநாளே புதிய கேபிள் வாங்கினேன். மாற்றிய முறையை மகளிடம் சொல்லி எழுதச் செய்தேன். அது வருமாறு:

1. பழைய கேபிள் செல்லும் வழியைக் கழற்றுமுன் வரைந்து வைத்துக்கொள்க.
2. சரிசெய்யும் திருகினை முற்றும் தளர்த்துக. முதலில் கைப்பிடி முனையையும், பின்னர்ச் சக்கரத்தருகே உள்ள முனையையும் விடுவிக்க.
3. புதிய கேபிளை நிமிர்த்திப் பிடித்து, அதன் உறைக்குள் சில துளி எண்ணெய் விடுக. மறுமுனையில் எண்ணெய் தோன்றும்வரை பொறுத்திருக்க.
4. பழைய வழியிலேயே கேபிளைப் பொருத்துக. எங்கும் கூர்மையாக மடியாதவாறு பார்க்க.
5. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்புக. கேபிள் இழுபடுமாயின் வழியை மாற்றுக.
6. சக்கரம் தடையின்றிச் சுழலவும், பிடித்தவுடன் நிற்கவும் ஏற்றவாறு திருகினைச் சரிசெய்க.
7. வலிமையாகப் பலமுறை பிடித்துச் சோதிக்க. பின்னர் ஆள் நடமாட்டமற்ற சமதளத்தில் மெல்ல ஓட்டிப் பார்க்க.

அறுந்த கேபிளை முடிச்சிட்டோ பற்றவைத்தோ மீண்டும் பயன்படுத்துதல் கூடாது.

எல்லை அறிதல்

எதனை நாமே செய்யலாம் என்பதோடு, எதனைச் செய்யலாகாது என்பதும் அறிவே. சிலிண்டரைப் பிரித்தல், கிராங்க் பேரிங் மாற்றுதல் முதலியவற்றுக்குத் தனிக்கருவியும் பயிற்சியும் வேண்டும். அவை மெக்கானிக்கின் வேலை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அத்தூசியை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மூடிய அறைக்குள் எந்திரத்தை இயக்கினால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயு சேரும். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தருகே விளக்கோ தீக்குச்சியோ கூடாது. கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கலத்தில் சேர்த்துப் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.

சட்டத்தின் எல்லையும் உண்டு. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை நீங்கள் துடைக்கலாம், பார்க்கலாம், பெரியோருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டு ஏட்டில் ‘கண்டது’ பத்தியை மகள் எழுதுகிறாள். ‘செய்தது’ பத்தியை நான் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு அவள் எழுதியிருந்தாள்: ‘பின்சக்கரக் கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது.’ விடைத்தாள் கட்டு அன்றும் மேசைமேல்தான் இருந்தது. நான் முதலில் ஸ்பேனரை எடுத்தேன்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
பணிமனை – தொழிற்கூடம்
வீச்சு – பிஸ்டன் ஒருமுறை மேலோ கீழோ நகர்தல்
ஐயுறல் – சந்தேகித்தல்
தொய்வு – தளர்ந்து தொங்குதல்
கலம் – பாத்திரம்

கற்கண்டு: வியங்கோள் வினைமுற்று

‘தளர்த்துக’, ‘விடுவிக்க’, ‘பொருத்துக’ என்னும் சொற்கள் ‘க’ என்னும் விகுதி பெற்று வந்துள்ளன. இவை வியங்கோள் வினைமுற்றுகள். ஆண், பெண், ஒருமை, பன்மை என்னும் வேறுபாடின்றி எல்லார்க்கும் பொருந்துவதால், செயல்முறைகளை எழுதுவதற்கு இவ்வடிவம் ஏற்றது. வாழ்த்துதல் (வாழ்க), வேண்டுதல் (வருக) முதலிய பொருள்களிலும் இது வரும்.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அது உணர்த்துவது
(அ) பெட்ரோல் மிகுதி (ஆ) எந்திரத்தின் நலம் (இ) எண்ணெய்க் கசிவு (ஈ) மிகைச் சூடு

2. தள்ளுதண்டுகளைச் சரிபார்க்க ஏற்ற நேரம்
(அ) வண்டி ஓடி நின்றவுடன் (ஆ) எந்திரம் இயங்கும்போது (இ) எந்திரம் முற்றும் குளிர்ந்தபின் (ஈ) எண்ணெய் ஊற்றியவுடன்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தந்தையின் ஏட்டில் இருந்த நான்கு பத்திகள் யாவை?
2. சங்கிலியின் தொய்வை எவ்விடத்தில் அளக்க வேண்டும்? ஏன்?
3. வண்டியைத் துடைப்பது அழகுக்காக மட்டும் அன்று என்பதற்குக் காரணம் யாது?

இ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. கட்டுரையாசிரியர் கேபிளின் பழுதை ஏட்டில் எழுதாமல் விட்டது ஏன்? அது குறித்து உம் கருத்து யாது?
2. “ஏட்டில் எழுதினாயா?” என்று தந்தையார் கேட்ட வினாவின் உட்பொருளை விளக்குக.

ஈ. வியங்கோள் வினைமுற்றாக மாற்றுக.

துடைக்க வேண்டும், ஊற்ற வேண்டும், திருப்ப வேண்டும், அளக்க வேண்டும்

உ. செயல்பாடு

உங்கள் வீட்டு மிதிவண்டி, தையல் இயந்திரம், மின்விசிறி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரங்களுக்கு ‘கண்டது’, ‘செய்தது’ என்னும் இரு பத்திகளில் நாட்குறிப்பு எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள். ‘செய்தது’ பத்தி வெறுமையாக இருந்தால், அதன் காரணத்தையும் எழுதுங்கள்.