நிரல் அறிந்த நீதிபதி

ஓய்வு நேரத்தில் விரும்பிக் கற்கும் கலை, என்றேனும் ஒருநாள் நம் கடமைக்குத் துணைநிற்கும். அதற்குச் சான்றாகும் ஒரு வழக்கை இப்பாடத்தில் காண்போம்.

வில்லியம் ஆல்சப் 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். கல்லூரியில் கணிதமும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயின்றார். பல ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியபின், 1999இல் கலிபோர்னியாவில் கூட்டரசு மாவட்ட நீதிபதியானார். சட்டப்பணிக்கு இடையே 'பேசிக்' என்னும் கணினிமொழியில் பொழுதுபோக்காக நிரல்கள் எழுதினார். பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்திற்கும் ஒரு நிரல் அமைத்தார். ஹாம் வானொலியிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

2010ஆம் ஆண்டு ஆரக்கிள் நிறுவனம் கூகுள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஜாவா மொழியின் 37 நிரல்தொகுப்புகளின் பெயர்களையும் அமைப்பையும் கூகுள் தன் ஆண்ட்ராய்டில் பயன்படுத்தியதே வழக்கின் மையம். அவை ஒரு நிறுவனத்தின் உடைமையே எனத் தீர்ப்பாகுமானால், உலகெங்கும் நிரல் எழுதுவோர் பலருடைய பணி முடங்கக்கூடும்.

ஒன்பதே வரிகள் கொண்ட 'ரேஞ்ச்செக்' என்னும் நிரல்துண்டு குறித்தும் வாதம் எழுந்தது. நாம் கேட்கும் எண்கள் ஒரு பட்டியலின் எல்லைக்குள் உள்ளனவா என்று அது சோதிக்கும். நாற்பது பெயர்களே உள்ள வருகைப் பதிவேட்டில் நாற்பத்தைந்தாம் பெயரைக் கேட்டால் "பிழை" என்று சொல்வதைப் போன்றது அது. அதனை நகலெடுத்ததால் கூகுள் காலத்தை மிச்சப்படுத்தியது என்று ஆரக்கிள் தரப்பு வாதிட்டது. தாமே அத்தகைய துண்டுகளைப் பலமுறை எழுதியிருப்பதாகவும், அது எவரும் எளிதில் எழுதக்கூடியதே என்றும் நீதிபதி மறுமொழி கூறினார்.

2012 மே 31 அன்று ஆல்சப் தீர்ப்பளித்தார். அதில் அவர் ஓர் ஆசிரியரைப்போல நூலக உவமையைக் கையாண்டார். நிரல்தொகுப்பு ஓர் அலமாரி. அதிலுள்ள வகுப்பு ஒரு நூல். செயல்முறை அந்நூலின் ஓர் இயல் என விளக்கினார். கணினி அறியாதவர்க்கும் வழக்கு விளங்கியது. வழக்கில் கண்ட அந்த அமைப்பு பதிப்புரிமைக்கு உட்படாது என்பது அவர் முடிவு.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமை உண்டா என்பதை முடிவு செய்யாமலே, கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு எனத் தீர்ப்பளித்தது.

அறிந்தவர் தீர்ப்பும் மறு ஆய்வுக்கு உரியதே. எனினும், தாம் தீர்ப்புக் கூறவேண்டிய பொருளைத் தம் கைகளாலேயே செய்து பார்த்திருந்த நீதிபதியை, கேட்போர் அறியாமையை நம்பிய வாதத்தால் அசைக்க இயலவில்லை. பயன் கருதாது கற்ற கல்வியும் தக்க வேளையில் பயன் தந்தது.

சொல்லும் பொருளும்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுதி
பதிப்புரிமை – படைப்பைப் படியெடுக்கும் உரிமை
உவமை – ஒப்பிட்டுக் கூறுதல்

சிந்தித்து விடை எழுதுக
1. 'ரேஞ்ச்செக்' செய்யும் பணி யாது?
2. நீதிபதி நூலக உவமையைக் கையாண்டதன் பயன் யாது?
3. உம் பொழுதுபோக்கு ஒன்று பிறர்க்குப் பயன்படும் வகையை ஐந்து வரிகளில் எழுதுக.