சொல்லிவிட்டுப் போகவேண்டிய வீடு

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எத்தனையோ வீடுகளின் சொந்தக்காரர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். திறப்பு மட்டும் இங்கே யாராவது ஓர் உறவினரிடம் இருக்கும். என்னிடமும் அப்படிச் சில திறப்புகள் பல வருடங்களாக இருக்கின்றன. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் சில பிளாட்டுகள், கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்று. வாடகைக்கு விடுவது, திருத்துவது, பில் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர்கள் சுகம் விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான். "மாசத்துக்கு ஒருக்காலெண்டாலும் போய்ப் பாக்கிறனீங்களோ அன்ரி?" இல்லை என்றுதான் சொல்வேன். வருடத்துக்கு இரண்டு தடவை போகிறேன். ஆட்கள் புதிதாகக் குடிவந்தால் முதல் மாதம் முடிகிற கையோடு இன்னுமொரு தடவை. அதற்கு மேல் குடியிருப்பவர்கள் கூப்பிட்டால் மட்டுமே போவேன்.

முந்தைய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. முதலாம் திகதி வாடகை வாங்க வீட்டுக்காரர் வருவார், விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், போகிற போக்கில் சுவரையும் கூரையையும் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது வாடகை வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கென்றே போகவேண்டியிருக்கிறது. அப்படிப் போகும்போதுதான் இருப்பவருக்கு மனம் திடுக்கிடுகிறது.

நாள் குறிப்பதை நான் மழையிடம் விட்டிருக்கிறேன். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அது இரண்டு தரம் ஓங்கும்: சித்திரை, வைகாசியில் ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் ஒன்று. மார்ச் கடைசியில் ஒரு தடவை, செப்டெம்பரில் ஒரு தடவை போனால் ஒழுக்கு பெரிதாகுமுன் பிடித்துவிடலாம். பாஸ்மாரும் அந்த நேரத்தில் கையில் அகப்படுவார்கள். மழை தொடங்கிய பிறகு கூரைக்கு ஆள் தேடினால் யாரும் வரமாட்டார்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் இரண்டு கூரைகள் சந்திக்கிற இடத்துப் பீலிதான் முழுப் பிரச்சினையும். பக்கத்து வளவு மாமரத்தின் சருகு அதில் நிரம்பினால் தண்ணீர் பின்வாங்கி, ஓட்டுக்குக் கீழால் வந்து, அறைச் சுவரை நனைக்கும். சுவரில் பூஞ்சணம் தெரிகிற அன்று வேலை மூன்று மடங்காகியிருக்கும்.

கடற்கரைப் பக்கத்து பிளாட்டுகளில் முதல் எதிரி உப்புக்காற்று. பல்கனிக் கிரில், ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்குகிற இரும்புக் கால், ஜன்னல் கொளுக்கி எல்லாம் பார்வைக்கு நன்றாக இருக்கும், கையால் அசைத்தால்தான் உண்மை தெரியும். வெளிப்பெட்டியின் கால் துருவேறி மெலிந்திருந்தால் அன்றைக்கே ஆள் கூப்பிடுகிறேன். கீழே ஒழுங்கையில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.

உள்ளே போனால் குசினி சிங்குக்குக் கீழேதான் முதலில் குனிவேன். அலுமாரியின் அடிப்பலகையை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். உப்பிப் பொதபொதவென்று இருந்தால் குழாய் பல மாதமாகக் கசிகிறது. பிறகு எல்லாப் பைப்புகளையும் மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர் மீற்றரைப் பார்ப்பேன். அதிலுள்ள சின்னச் சில்லு மெல்லச் சுழன்றுகொண்டே இருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது, அநேகமாகக் கொமட் தொட்டியில்தான். தொட்டியில் சாயத் துளி விட்டு, கொஞ்சம் பொறுத்து, கீழே நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ட்ரிப் ஸ்விட்சில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த வீட்டில் ஒருவரையும் ஈரக்கையோடு ஹீட்டர் போட விடக்கூடாது. 2021 கடைசியில் நாடெங்கும் எரிவாயு சிலிண்டர் வெடிப்புகள் நடந்த பிறகு ரெகுலேட்டரையும் ஹோஸையும் பார்க்காமல் நான் வெளியே வருவதில்லை.

தொடர்மாடியில் இன்னொரு இடமும் உண்டு, பலர் அதை நினைப்பதில்லை. உங்கள் குளியலறை எப்படி இருக்கிறது என்பதைக் கீழ் வீட்டுக் குளியலறைச் சீலிங் சொல்லும். மேலே டைல்ஸ் பளபளக்கும், கீழே சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்திருக்கும். கீழ் வீட்டாரிடம் கேட்டு அதை ஒரு தரம் பாருங்கள். அந்தக் கசிவு பின்னர் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனக் கூட்டத்தில் சண்டையாக வருமுன், இப்போதே ஒரு பிளம்பரோடு முடிந்துபோகும்.

இவ்வளவும் அரை மணித்தியால வேலை. மாதாமாதம் போய்ப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. துரு மாதக்கணக்கில் வளர்கிறது. கிழமைக் கணக்கில் பார்க்கவேண்டியது நுளம்பு ஒன்றுதான். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாவதற்கு அதற்குப் பத்து நாள் போதும். 2017-இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது கொழும்பு மாவட்டம்தான் அதிகம் பாதிக்கப்பட்டது. வீட்டுக்காரர் மாதம் ஒருதரம் வந்து அதைத் தடுக்கமுடியாது. பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பூச்சாடி, ஏசித் தண்ணீர் வடிகிற வாளி இவற்றைக் குடியிருப்பவர் கிழமைக்கு ஒருநாள் கவிழ்க்கவேண்டும். பீலியும் மேல் தாங்கியின் மூடியும் வீட்டுக்காரர் பொறுப்பு. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் சொந்தக்காரர், குடியிருப்பவர் இருவரையும் பிடிக்கும். ஆகவே யார் எதைப் பார்ப்பது என்று குடிவருகிற நாளிலேயே பேசிவிடுகிறேன்.

எத்தனை தடவை என்பதை விட எப்படிப் போவது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதவு தட்டுகிற சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் இங்கே வாடகைக்கு இருந்த தமிழர்கள் பொலிஸில் பதிந்த துண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள். இரவில் சுற்றிவளைப்பு வரும், பதிவில் இல்லாத விருந்தாளி யாராவது படுத்திருந்தால் அவரையும் வீட்டுக்காரரையும் சேர்த்து விசாரிப்பார்கள். 2007 ஜூன் 7-ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய் மறுநாளே இடைக்காலத் தடை வாங்கியது. அந்த நாட்களில் இங்கே இருந்த ஒரு தாய், இன்றைக்கும் சொல்லாமல் மணி அடித்தால் உடனே கதவைத் திறக்கமாட்டார். அவரை எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று, "ஆர்?" என்று இரண்டு தரம் கேட்பார். என் குரல் தெரிந்த பிறகும் சங்கிலியைக் கழற்றாமல்தான் எட்டிப் பார்ப்பார். அந்த வீட்டுக்கு 'சும்மா இந்தப் பக்கம் வந்தனான்' என்று போகிற உரிமை ஒரு வீட்டுக்காரருக்கும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்: என்ன நாள், எத்தனை மணி, யார் யார் வருகிறோம், எதைப் பார்க்கப்போகிறோம். இரண்டு நேரம் கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வேன். பிள்ளைக்குப் பரீட்சை நடக்கிற கிழமை, விரத நாள், வீட்டில் சுகமில்லாதவர் இருக்கிற நேரம் என்றால் தள்ளிவைப்பதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் இருக்கிற பெண் ஒரு முறை, "அக்கா, நீங்க சொல்லிட்டு வர்றதால நானே ஒழுகுற இடத்தையெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்" என்று ஒரு கொப்பித் தாளை நீட்டினாள். நான் எவ்வளவு தேடினாலும் கண்டுபிடித்திருக்கமுடியாத இரண்டு இடங்கள் அதில் இருந்தன.

படிக்கிற பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஆண்கள் தனியே போகக்கூடாது. வீட்டுக்காரர் ஆணாக இருந்தால் மனைவியையோ சகோதரியையோ கூட்டிக்கொண்டு போகட்டும். அலுமாரி, சாமியறை, படுக்கை இவற்றில் கை வைக்க ஒரு காரணமும் கிடையாது. அறை அலங்கோலமாக இருக்கிறதா, சட்டி கழுவாமல் கிடக்கிறதா என்பது நம் கணக்கில் வராது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் "வீடியோ கோல் போடுங்கோ, நாங்களும் பாப்பம்" என்பார்கள். அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை. அடுத்தவரின் குடும்பத்தை அவர்கள் சம்மதமில்லாமல் தொலைபேசியில் காட்டமுடியாது. பழுதான இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் படம் எடுத்து, முதலில் குடியிருப்பவருக்குக் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்களுக்கு நான் நினைவூட்டுவது அவர்கள் வாழ்கிற ஊர்ச் சட்டத்தைத்தான். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக்காரர் பன்னிரண்டு மாதத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பார்வையிட முடியாது, ஏழு நாள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில் 24 மணி நேர எழுத்து அறிவித்தல், காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் மட்டும். அங்கே தமக்குக் கிடைக்கிற மரியாதையை இங்கே தம் வீட்டில் இருப்பவருக்கும் கொடுக்கலாமே. இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

அடிக்கடி போனால் ஆட்களைக் கட்டுப்படுத்தலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டில் சொன்னதை விடக் கூடுதலாக ஆட்கள் இருக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் அதன் அடியில் இருக்கும். அதற்குத் தண்ணீர் பில்லையும் கரண்ட் பில்லையும் மாதாமாதம் பார்த்தால் போதும். பில் உங்கள் பெயரில்தான் வருகிறது, திடீரென்று இரட்டித்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் 1972-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப் பாதுகாப்போடு தலைமுறையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்புவதற்கான நெருக்கடியாகப் பார்வையிடலைப் பயன்படுத்துவது அநியாயம். எழுப்பவேண்டிய நியாயம் இருந்தால் வழி நீதிமன்றம்தான்.

நல்ல வீட்டுக்காரர் குறைவாகப் போய்ப் பார்ப்பவர், ஆனால் சொன்னவுடன் திருத்துபவர். பைப் ஒழுகுகிறது என்று சொன்ன மூன்றாம் நாள் பிளம்பர் வந்துவிட்டால், அடுத்த ஒழுக்கையும் உடனே சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அலுத்தவர் வாளியை வைத்துவிட்டு இருந்துவிடுவார், கூரை மரம் உக்கிவிடும். நமது பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டப்படியும் வீட்டைப் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. இருப்பவர் நிம்மதியாக அனுபவிக்க விடுவதும் அதே சட்டம் சொல்வதுதான்.

குழாய் வெடித்தாலோ எரிவாயு மணத்தாலோ அறிவித்தல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக இரண்டாவது திறப்பை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குடியிருப்பவரிடமே கையெழுத்து வாங்கி வைக்கிறேன். குத்தகையைப் புதுப்பிக்கிற நேரம் உறை பிரிக்கப்படாமல் இருப்பதை அவர்களுக்குக் காட்டுவேன்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை இலங்கையில் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். 1840-இலிருந்து சட்டம் அதுதான். அந்தப் பத்திரத்தில் 'நியாயமான நேரத்தில் பார்வையிடலாம்' என்று ஒரு வரி வழமையாக இருக்கும். எது நியாயம் என்று பிறகு இழுபறிப்படாமல் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏழு நாள் முன்னறிவித்தல், பகல் நேரம், அவசரத்தில் தொலைபேசி அழைப்பு என்று எழுதுவித்துவிடுங்கள். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்து வைக்கிறவர் அநேகமாகக் கணவர், பகலில் கதவைத் திறக்கிறவர் மனைவியோ தாயோ. அதனால் அந்தப் பந்தியை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.