பத்தாயிரம் அடிக் கணக்கு சானமாவில் செல்லுமா?

பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட, வீட்டையும் ராகிக் காட்டையும் பார்த்துக்கொள்வது பெரியவர்கள்தான். சானமாவு பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலை. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரும் பிள்ளைகளின் அக்கறை பெரிது. ஆனால் அந்த வாட்ச்சோடு சில தவறான நம்பிக்கைகளும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன்.

உண்மை: 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியால் பிரபலமான எண் இது, எந்த மருத்துவரும் ஆராய்ந்து வகுத்ததல்ல. ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே, அப்பா வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று ஒரு வாரம் பாருங்கள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். மெதுவாக நடப்பவர்களுக்கும், வாக்கரைப் பிடித்துக் கை அசையாமல் நடப்பவர்களுக்கும் வாட்ச் குறைத்தே காட்டும். எண் ஏறவில்லை என்று அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நம்பிக்கை: இருட்டோடு எழுந்து நடப்பதே நல்லது.

உண்மை: சானமாவு காப்புக்காட்டில் யானை இறங்கியிருக்கும் நாளில் இது உயிருக்கே ஆபத்து. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் வரும் வழி இது. வெயில் வந்தபின் ஊருக்குள்ளேயே நடக்கலாம். வனத்துறை எச்சரித்த நாளில் வீடே போதும்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பிறகு சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் சிறிது நேரம் நில்லுங்கள். விழாமல் காப்பது இந்தப் பயிற்சிதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இதுபோன்ற சமநிலை, வலுப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடி எண்ணும் செயலியின் கணக்கில் இவை ஏறாது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

நம்பிக்கை: வாட்ச்சிலேயே சர்க்கரை தெரியும்.

உண்மை: ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நம்பிக்கை: ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு இதெல்லாம் எட்டாது.

உண்மை: பட்டன் போன் போதும். 104ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. உங்கள் ஊருக்கு வரும் அத்திட்டத் தன்னார்வலரின் எண்ணையும் 104ஐயும் அம்மாவின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.